ஐந்துக்குக் கீழே இருபத்தொரு நாள்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் எனக்கு அரை நாள் பிடிக்கும். வாசலில் நிற்க வேண்டும், மூக்கைத் தீட்டிக்கொள்ள வேண்டும், ‘என்னக்கா, மீன் வாடை அடிக்குது?’ என்று ஒரு வார்த்தை போட்டுப் பார்க்க வேண்டும். உழைப்பு என்றால் உழைப்பு. ஈரல் பட்டை வந்தது, என் பிழைப்பில் மண் விழுந்தது.

வலது விலாவுக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற கட்டைவிரல் அகலப் பட்டை அது. கல்லீரலில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு படிந்திருக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை பார்த்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் வில்லைக்கு எண்ணாக அனுப்பிவிடும். ஐந்து வரை பச்சை. பதினைந்து வரை மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். நம் உடம்பை நாம் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தார்கள். நாங்கள் அடுத்தவர் உடம்பைப் பார்க்க வைத்துக்கொண்டோம். விருதுநகர் வெயிலில் ஆம்பிளைகள் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் பிரித்தார்கள், முதலில் ‘பொண்ணு கையைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க’ என்றார்கள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்தில் பச்சைக்காரர்களுக்கு இருக்கை; சிவப்பு என்றால் நின்றுகொண்டே வர வேண்டும், கொழுப்பு கரையட்டுமாம்.

என் எண் என்ன என்று கேட்காதீர்கள். இது என் கதை இல்லை.

இது எதிர்வீட்டுத் தவசிலிங்கத்தின் கதை. நாற்பத்தாறு வயது, நூற்று நான்கு கிலோ, ஈரல் எண் இருபத்து மூன்று. எண்ணெய்ப் பரோட்டாக் கடை. மாவு பிசைவதிலிருந்து வீசுவது வரை ஊரெல்லாம் இயந்திரம் வந்துவிட்ட பிறகும் தவசி கையால்தான் வீசுவான். பெரிய வட்டக்கல்லில் எண்ணெய் குளம் கட்டி நிற்க, அதில் பரோட்டா பொரிந்து மிதக்கும். கடைசி ஈடு எப்போதும் அவனுக்கு. ஆறு பரோட்டா, மேலே சால்னா. சாப்பிட்டு முடித்து அவன் விடுகிற ஏப்பம் எங்கள் வீட்டு மாடிவரை கேட்கும். வில்லை சிவப்பாக எரியும். ‘கல்லாவுக்கு மேல குங்குமம் வச்ச மாதிரி இருக்கட்டுமே மதினி’ என்று சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு மாசியில் நின்றது. சாத்தூரில் கணக்கு டீச்சராக இருக்கும் அவன் தங்கச்சி மாரீஸ்வரி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்குத் தவசியும் அவன் பெண்டாட்டி முத்தரசியும் கிளம்ப, துணைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லைதான். இந்த மாதிரி நேரத்தில் கூப்பிடும்வரை காத்திருப்பது நல்லாவா இருக்கும்?

டாக்டர் நஸீமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

“தங்கச்சிக்கு எண் மூணு, டாக்டர்” என்றான் தவசி. “நேத்துவரைக்கும் பச்சை. வேக வச்ச காய் திங்குற பிள்ளை. அவளுக்கு எப்படி ஈரல் கெடும்?”

“பட்டைக்குக் கொழுப்பு மட்டுந்தான் தெரியும். உங்க தங்கச்சிக்குக் கொழுப்பு இல்லை. அவங்க உடம்போட காவலே ஈரலை எதிரின்னு நினைச்சு அரிச்சுக்கிட்டிருக்கு. அதைப் பார்க்கிற கண்ணு அந்தப் பட்டைக்குக் கிடையாது.”

“இப்ப என்ன செய்யணும்?”

“உங்க ரத்தம் மட்டுந்தான் பொருந்துது. உங்க ஈரல்ல பாதியை எடுத்து அவங்களுக்கு வைக்கலாம். ரெண்டு பேருக்கும் சில மாசத்துல வளர்ந்துக்கும்.”

தவசி அப்போதே சட்டைப் பித்தானைக் கழற்றப் போனான்.

“இருங்க. இருபத்து மூணுல கத்தி வைக்க முடியாது. கொழுப்பு பிடிச்ச ஈரலைப் பாதியாக்கினா மிச்சம் உங்களைத் தாங்காது, எடுத்தது அவங்களைத் தாங்காது. ரெண்டு பேரையும் இழந்துடுவோம். அஞ்சுக்கு வரணும். வந்தாப் போதாது, இருபத்தொரு நாள் அங்கேயே நிக்கணும். நடுவுல ஒரு தடவை ஏறினாலும் மறுபடியும் ஒண்ணாம் நாள். பட்டை நேரா உறுப்பு மாற்றுக் குழுவுக்குச் சொல்லிடும், நான் நினைச்சாலும் மறைக்க முடியாது.”

“அவளுக்கு எவ்வளவு நாள் இருக்கு?”

“நாலு மாசம்னு வச்சுக்கோங்க.”

திரும்பி வரும்போது பேருந்தில் தவசி நின்றுகொண்டே வந்தான். திருமங்கலம் தாண்டியதும் என்னைப் பார்த்து, “மதினி, ஆறு பரோட்டா. தினமும் ஆறு” என்றான். கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், பாவம்.

மறுநாளிலிருந்து வேறு ஆள். கடையை மூடவில்லை. ஆனால் அடுப்பின் முன்னால் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றான். சால்னாவில் உப்புப் பார்ப்பது முத்தரசி வேலை ஆனது. வாடிக்கைக்காரர்கள், ‘என்ன மாஸ்டர், கொள்ளையடிக்கக் கிளம்பிட்டீங்களா?’ என்று கேட்டார்கள். காலையில் ரயில்வே கேட் வரை நடை. பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ‘கேட் மூடினா ரயிலுக்காகவா உனக்காகவான்னு தெரியாது தவசி’ என்று மாடியிலிருந்து சொல்லியும் வைத்தேன்.

ஒரு மாதத்தில் இருபத்து மூன்று பதினான்காக இறங்கியது. மஞ்சள்! தெருவே கை தட்டியது.

அங்கே நின்றவன் நின்றவன்தான். ஒரு வாரம் பதினான்கு. இன்னொரு வாரம் பதினான்கு. அப்புறம் பதினைந்து. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த மாரீஸ்வரிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று செய்தி வந்த அன்றைக்கும் பதினைந்து.

தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக் குருவம்மாள்தான் ஆரம்பித்தாள். “கடைசி ஈடு இன்னமும் எங்க போகுதுங்கிறே? துண்டுக்குப் பின்னால வாய் அசையுதுக்கா. நான் பார்த்தேன்.” முத்தரசி கூட அவன் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். எண் சொல்கிறதே! எண்ணுக்கு நாக்கு உண்டா, ஆசை உண்டா, அது எதற்குப் பொய் சொல்லப் போகிறது?

எனக்கு மட்டும் சந்தேகம். அவன் மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல. இருபது வருஷமாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தவசி எனக்குத் தெரியாமல் ஒரு பரோட்டா தின்றுவிட்டான் என்றால் அது எனக்கல்லவா அவமானம்?

கடைக்கு எதிரே மருந்துக்கடைப் பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்தேன். மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று சொல்லிக்கொண்டேன். அவன் பரோட்டாவில் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. நாலாம் நாள் நேராக வந்து என் முன்னால் நின்றான்.

“நீங்களுமா மதினி?”

“நான் என்னப்பா...”

“நான் திங்கலை. எம் பிள்ளைக மேல சத்தியமாத் திங்கலை. பெண்டாட்டி நம்பலை. ‘எனக்காகக் கஷ்டப்படாதண்ணே, சாப்பிடணும்னா சாப்பிட்டிரு’ன்னு தங்கச்சி போன்ல சொல்லுது. சாகப் போறவ எனக்கு விட்டுக் குடுக்குறா மதினி!” அந்தப் பெரிய உடம்பு நடுரோட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதது. வில்லை மட்டும் சலனமில்லாமல் மஞ்சளாக எரிந்தது.

மறுநாள் மதுரைக்கு அவனோடு நானும் போனேன். டாக்டர் நஸீமா அவனைக் கேட்டார்: “என்னென்ன சாப்பிடுறீங்க, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க.”

“கம்பங்கூழ், காய், மீன் குழம்பு. வேற ஒண்ணுமில்லை.”

“சீனி?”

“தொடுறதே இல்லை.”

“அப்ப எனக்கே புரியலையே...”

“நான் சொல்லவா டாக்டர்?” என்றேன். “அவன் வாய்க்குப் போறது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போறது எனக்குத் தெரியும்.”

சொன்னேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஏதாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். தவசி தங்கச்சிக்காக வாயைக் கட்டியிருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவே இரக்கப்பட்டு, உடம்புக்கு நல்லது எதுவோ அதையாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. “திங்கக்கிழமை காலையில குருவம்மா கிண்ணத்துல தேன்ல ஊறின அத்திப்பழம். பதினோரு மணிக்கு வாத்தியார் வீட்டுலருந்து மாதுளைச் சாறு, பெரிய செம்புல. சாயங்காலம் பனங்கற்கண்டு போட்ட பால். செவ்வாய்க்கிழமை எள்ளுருண்டை, எட்டு, அதுல பிள்ளைக தின்னது போக அஞ்சு. கூழுக்குத் தொட்டுக்க நாட்டுச்சர்க்கரை. காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி...”

ஒன்றரை மாதத்தைத் தேதிவாரியாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“இதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களாம்மா?”

“எதுக்கு எழுதணும்? ஞாபகம் இல்லையா என்ன?”

“கருப்பட்டி நல்லதுதானே டாக்டர்?” என்றான் தவசி, குழந்தை மாதிரி. “தேனு, பழச்சாறு எல்லாம் மருந்துல்ல?”

“நாக்குக்கும் மனசுக்கும் அது வேற, இது வேறயா இருக்கலாம். ஈரலுக்கு எல்லாம் இனிப்புதான். வெள்ளையா, கறுப்பா, தென்னையா, பனையான்னு அது குலம் கோத்திரம் விசாரிக்காது. அளவுக்கு மேல வர்ற இனிப்பைக் கொழுப்பா மாத்தி அடுக்கி வச்சுக்கும். பழத்தைப் பழமாத் தின்னுங்க, ஒண்ணே ஒண்ணு. சாறு வேண்டாம். கருப்பட்டி, தேன், சர்க்கரை எதுவுமே வேண்டாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எள்ளுருண்டை என் வீட்டுப் பாத்திரம். உடன்குடிக் கருப்பட்டி, ஒன்றாம் தரம்.

ஊர் திரும்பியதும் வீடு வீடாக ஏறினேன். மற்றவர்களுக்குத் தண்டோரா போட ஆள் வேண்டும், எனக்கு வேண்டாம். பாத்திரம் போகட்டும், வரட்டும், அதை நிறுத்த முடியாது. உள்ளே இருப்பதை மாற்று என்று சொன்னேன். வெள்ளரிக்காய் போனது, முருங்கைக்கீரைப் பொரியல் வந்தது. தட்டைப்பயறு சுண்டல் போனது, அவித்த முட்டை வந்தது. ‘இனிப்பில்லாம ஒரு வீட்டுக்கு எப்படிக்கா குடுக்கிறது, கை கூசுது’ என்றாள் குருவம்மாள். ‘கூசட்டும்’ என்றேன்.

பதினைந்து பன்னிரண்டானது. ஒன்பதானது. தவசி வேட்டியை இரண்டு தடவை இறுக்கிக் கட்டவேண்டியிருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டிப் பாண்டியன் நகர் வரை நடந்தான். இப்போது அவனோடு வாத்தியார் நடந்தார், குருவம்மாள் புருஷன் நடந்தான், வாடிக்கைக்காரர் நாலைந்து பேர் நடந்தார்கள். எண்பத்தாறு கிலோ. ஏழு. ஆறு. மூன்றாவது மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, பரோட்டாக் கல்லின் முன்னால் அவன் மணிக்கட்டு பச்சையாக எரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

ஒன்றாம் நாள்.

அந்த இருபத்தொரு நாளை நான் ஏன் எண்ணினேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? மதுரையில் மாரீஸ்வரிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஏழாம் நாள் அண்ணனைப் பார்த்து ‘யார் இந்த ஒல்லி ஆளு?’ என்று கேட்டாளாம். மயக்கத்தில் கேட்டாளா, கிண்டலாகக் கேட்டாளா என்று முத்தரசிக்கு இன்றைக்கும் குழப்பம். பதினைந்தாம் நாள், எண் நான்கு. பதினாறாம் நாள், நான்கு.

பதினேழாம் நாள் தவசி ஒரு காரியம் செய்தான். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மூன்று நாள் பச்சைத்தண்ணி விரதம் பிடித்தான். சாப்பிட்டால்தானே ஏறும், சாப்பிடாவிட்டால் எப்படி ஏறும்? சாமிக்குச் சாமியும் ஆச்சு, ஈரலுக்குக் காவலும் ஆச்சு. முத்தரசி பால் கொண்டுவந்து கெஞ்சினாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வில்லை மஞ்சளானது. எண் ஏழு. அடுத்த நொடியே முத்தரசியின் போனுக்கு மாற்றுக் குழுவிடமிருந்து செய்தி: அறுவை நாள் ரத்து. மீண்டும் முதல் நாள்.

மாரீஸ்வரிக்கு இன்னொரு இருபத்தொரு நாள் கிடையாது. அது தெருவுக்கே தெரியும்.

“விரதம்னு சொல்லிட்டு என்னத்தையோ தின்னுருக்கு” என்று குருவம்மாள் வாய் திறந்தாள். என் வாழ்நாளில் நான் ஒரு வம்பை நடுவில் நிறுத்தியது அன்றைக்குத்தான். “வாயை மூடு” என்றேன். முத்தரசி அடுக்களையில் தலையில் அடித்துக்கொண்டு, “சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டியே பாவி!” என்று கத்திக்கொண்டிருந்தாள். தவசி சுவரில் சாய்ந்து, கையைத் தன்னுடையது இல்லை என்பது போலத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிப்பா. சட்டையைப் போடு. மதுரைக்குப் போறோம்.”

“எதுக்கு மதினி? எண்தான் சொல்லிருச்சே.”

“எண்ணு அங்க இருந்துச்சா? நான் இருந்தேன்.”

சாயங்காலம் மாற்றுக் குழு முன்னால் போய் நின்றோம். மூன்று பேர். நடுவில் டாக்டர் நஸீமா. ஓரத்தில் கண்ணாடி போட்ட இளவட்ட அதிகாரி. அவன்தான் பேசினான்.

“அம்மா, நீங்க இவருக்கு என்ன உறவு?”

“எதிர்வீடு.”

“எதிர்வீடு உறவுல வராதே.”

“தம்பி எந்த ஊர்? அடுக்குமாடியா? அதான்.” நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். “எங்க மாடி ஜன்னலும் அவங்க அடுக்களையும் நேருக்கு நேர். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சேகாலுக்கு எந்திரிச்சான், ஒரு செம்பு தண்ணி. நடந்துட்டு வந்து அரைச் செம்பு. கடையில நிக்கும்போது நானும் நின்னேன். வீட்டுக்கு வந்தான், பெண்டாட்டி பால் குடுத்தா, துப்பினான். திங்கக்கிழமையும் அப்படித்தான். இன்னைக்கு ரெண்டு மணிவரைக்கும் அப்படித்தான். மூணு நாள்ல அவன் வாய்க்குள்ள போனது பதினாறு செம்பு தண்ணி. பதினேழாவது செம்பை நீங்க காட்டுங்க, நான் எந்திரிச்சுப் போயிடுறேன்.”

“ஆனா பதிவு ஏழுன்னு...”

“ஒரு நிமிஷம்.” டாக்டர் நஸீமா முன்னால் சாய்ந்தார். “மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலையா? தவசிலிங்கம், என்னைப் பாருங்க.”

“அம்மனுக்கு நேர்ந்தேன் டாக்டர். சொன்னாத் திட்டுவீங்கன்னு...”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார். “பின்னே ஏறாம என்ன செய்யும்! வயித்துக்கு ஒண்ணும் வரலைன்னா உடம்பு தன் சேமிப்பை எடுக்கும். இடுப்பு, தொப்பையில கிடக்கிற கொழுப்பெல்லாம் கிளம்பி ஈரல் வழியாத்தான் போயாகணும். பங்குனிப் பொங்கலுக்கு உங்க ஊர் ரோட்டுல கூட்டம் போகுமில்ல? அந்தக் கூட்டத்தைப் பார்த்துட்டு ஊர்லயே குடிவந்துட்டாங்கன்னு பட்டை நினைச்சுக்கிச்சு. சாப்பிட்டிருந்தா இது நடந்திருக்காது.”

“விதிப்படி மறுபடி முதல் நாள்தானே மேடம்?” என்றான் கண்ணாடிக்காரன்.

“விதியில பன்னிரண்டாம் பிரிவையும் படிங்க. பட்டை சொல்றதை மறுக்கணும்னா, அந்த நாட்கள்ல அவர் சாப்பிட்ட ஒவ்வொண்ணையும் நேர்ல பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போடணும். போட்டா நான் ஊசி வச்சு ஒரு துணுக்கு எடுத்து நேராவே பார்க்கலாம். இதுவரைக்கும் யாரும் அந்தப் பிரிவைத் தொட்டதில்லை.” என் பக்கம் திரும்பினார். “இப்படி ஒருத்தரை யாரும் பார்த்துக்கிட்டே இருக்க மாட்டாங்கன்னு நினைச்சு எழுதியிருப்பாங்க போல.”

கையெழுத்துப் போட்டேன். தனபாக்கியம், எதிர்வீடு, விருதுநகர்.

அன்றைக்கே அவனுக்கு இட்லியும் சாம்பாரும் கொடுத்தார்கள். மூன்று நாள் பசிக்கு மூன்று இட்லி. அதையும் அழுதுகொண்டே சாப்பிட்டான். மறுநாள் காலை ஊசி. பதினோரு மணிக்கு டாக்டர் நஸீமா வெளியே வந்து நான்கு விரலைக் காட்டினார். முத்தரசி முதலில் புருஷன் காலில் விழுந்தாள், அப்புறம் டாக்டர் காலில், நான் தப்பிப்பதற்குள் என் காலிலும்.

இருபத்தொன்றாம் நாள், குறித்த நேரத்துக்கு, அண்ணனையும் தங்கச்சியையும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். ஒன்பது மணி நேரம். எங்கள் தெருவிலிருந்து முப்பத்தேழு பேர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். எடுத்த பாதி நல்ல சிவந்த நிறத்தில், வழவழவென்று, பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரி இருந்தது என்று நர்ஸ் வந்து சொன்னதும் வாத்தியார் விசில் அடித்தார். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்கே புதுச் செய்தி.

ஈரல் வளரும்வரை இரண்டு பேருக்கும் பட்டை கிடையாது. வளர்கிற ஈரலை அது தப்பாகப் படிக்குமாம். ஐந்து வாரம் கழித்துத் தவசி கடையைத் திறந்தபோது கை வெறுமையாக இருந்தது. துண்டு வாயில் இல்லை. குருவம்மாள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“என்னக்கா சாப்பிடுறான்னு எப்படித் தெரியுறது?”

“கேளு. சொல்வான்.”

ஆடியில் மாரீஸ்வரி வந்தாள். அவளைக் கூட்டி வரத் தவசி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் அதற்கு முந்தைய பேருந்திலேயே வந்து இறங்கி, நடந்தே தெருவுக்குள் நுழைந்துவிட்டாள். கண் வெள்ளையாக இருந்தது. கன்னத்தில் சதை. தெருவே வாசலுக்கு வந்தது. அவள் நேராக என் படிக்கு வந்து நின்றாள்.

“மதினி, ஆஸ்பத்திரிக் கோப்புல உங்க பேரைப் பார்த்தேன். ‘சாட்சி’ன்னு போட்டிருக்கு.”

எனக்கு இந்தத் தெருவில் எத்தனையோ பெயர் உண்டு. முகத்துக்கு நேரே சொன்னது, முதுகுக்குப் பின்னால் சொன்னது எல்லாம் தெரியும். இது புதுசு. “உள்ளே வா, வெயில்” என்றேன்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் தெருமுனையைப் பார்த்தேன். அவளுடைய பெரிய பையை அதுவரை தூக்கிக்கொண்டு வந்தவன் அங்கே நின்றிருந்தான். வார்டில் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிய ஆண் நர்ஸ், செல்வின். பையைக் கீழே வைத்தான். தலையைக் கோதிக்கொண்டான். அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று காத்திருந்தான். அவள் திரும்பினாள், சிரித்தாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை இடுப்பளவில் வைத்து லேசாக ஆட்டினாள்.

பதினொரு நாள் ஆகிறது. இன்னும் குருவம்மாளிடம் சொல்லவில்லை.